விவரணப்படமும் பாயிர மரபும்

நூலொன்றைக் கற்கப் புகுவோர் முதற்கண் அதன் பாயிரத்தை அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது தமிழாசிரியர் கண்ட முறை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரத்தின் உறுப்புக்களாக நன்னூலார் வகுத்தார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் இவற்றோடு சேர்த்துக் கூறுவாரும் உளர் என்பதையும் அவரே குறித்துச் சென்றார். ஏட்டில் எழுதப்பட்ட நூலை நோக்கி வகுக்கப்பட்ட இம்முறை, இருபதாம் நூற்றாண்டிலே தோன்றிய விவரணப்படத்தை ஆராய்வதற்கும் பெரிதும் துணைபுரிவதாகும்.

கதைப்படத்தைக் காண்போர் அது புனைவு என்பதை அறிந்தே காண்கின்றனர். அரங்கிலே அழுதவர் வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு செல்கின்றார். விவரணப்படத்தின் நிலை வேறு. அதிலே தோன்றும் மலை மெய்யான மலை. அதிலே உழைப்போர் மெய்யாகவே உழைப்போர். ஆதலின், காட்டப்பட்டது உண்மையாயின் சொல்லப்பட்டதும் உண்மையே எனக் காண்போர் மனம் எளிதில் இசைந்துவிடுகின்றது. காட்சிக்கும் கருத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை மறைப்பதே இக்கலையின் ஆற்றல். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். இதனாலேதான் யார் ஆக்கினார், எதன்பொருட்டு ஆக்கினார், யார் கேட்க ஆக்கினார் என்னும் பாயிர வினாக்கள், கதைப்படத்தினும் விவரணப்படத்துக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றன.

உலகியலும் நாடகமும்

1895ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர் தம் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதைப் படம்பிடித்தனர். சலனப்பட வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கும் இச்சிறு படத்துக்கு மூன்று வடிவங்கள் உள. அஃதாவது, அதே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் படமாக்கப்பட்டது. உள்ளதை உள்ளவாறே காட்டுவது எனக் கருதப்பட்ட முதற் படத்திலேயே ஒழுங்குபடுத்துவோன் ஒருவனின் கை புகுந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

விவரணப்படம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, 1926ஆம் ஆண்டிலே றொபேட் பிளாகேட்டியின் 'மோவானா' என்னும் படத்துக்கு எழுதிய மதிப்புரையிலே ஜோன் கிறியர்சன் கையாண்டார். ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர் பின்னர் பிரித்தானிய விவரணப்பட இயக்கத்தின் தலைவராய் விளங்கியவர். நடப்பியலை ஆக்கத்திறனோடு கையாளுதலே விவரணப்படம் என்னும் கருத்துப்பட அவர் தந்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. இவ்விளக்கத்தில் இரு கூறுகள் உள. ஒன்று நடப்பியல், மற்றொன்று ஆக்கத்திறன். தொல்காப்பியர் அகப்பாடலின் அமைப்பைக் கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனையும் இணைத்தே புலனெறி வழக்கத்தை வகுத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உலகியல் இன்றி நாடகம் வெறும் கற்பனையாம். நாடகம் இன்றி உலகியல் சுவையற்ற செய்தியாம். இரண்டும் எவ்வளவிற் கலத்தல் வேண்டும் என்பதிலேதான் விவரணப்பட ஆசிரியர் தம்முள் வேறுபடுகின்றனர்.

பிளாகேட்டியின் 'வடபுலத்து நனூக்' (1922) இதற்குத் தக்க சான்று. கனடாவின் வடபகுதியிலே அட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனுவிட் மக்களின் வாழ்வைக் காட்டும் இப்படத்துக்கு உரோம வணிகம் செய்த பிரெஞ்சு நிறுவனமாகிய றெவியோன் பொருளுதவி அளித்தது. நனூக் எனத் தோன்றியவரின் இயற்பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்ட மக்களைத் தம் முன்னோர் போன்று எறியீட்டியாலே வேட்டையாடும்படி பிளாகேட்டி வேண்டினார். பனிவீட்டினுள்ளே ஒளி போதாமையால் ஒருபுறம் திறந்த வீடு ஒன்று படத்துக்கென்றே அமைக்கப்பட்டது. இவை யாவும் பொய்யா என வினவுவோர் உளர். குளிரும் பசியும் அம்மக்களின் உழைப்பும் பொய்யல்ல. ஆயின், காட்டப்பட்ட காலம் பொய்; சென்றுபோன காலம் ஒன்று நிகழ்காலமாக்கப்பட்டது. பாயிர உறுப்புக்களுட் காலம் என்பதனைச் சேர்த்தோரின் நுண்ணறிவு இவ்விடத்தே விளங்கும்.

யாப்பு வேறுபாடுகள்

செய்யுளுக்கு யாப்புப் போல விவரணப்படத்துக்கும் சில கட்டமைப்பு மரபுகள் உள. அவற்றுள் முதலாவது, முகங்காட்டாத அறிவிப்பாளர் குரல். காட்சியின்மேல் நின்று விளக்கும் இக்குரல் ஐயத்துக்கு இடந்தராத உறுதியோடு பேசும். எவர் குரல் என்பது அறியப்படாமையாலே அது எவருக்கும் பொதுவான உண்மைபோல ஒலிக்கும். காட்சியை மாற்றாது குரலை மாத்திரம் வேறொரு மொழிக்கு மாற்றிவிடலாம் என்பது இம்மரபின் பெரும் வசதி. அரசாங்கப் பிரிவுகள் இதனைப் பெரிதும் விரும்பியமைக்கு இவ்வசதியும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது, மீள நடித்துக் காட்டல். 1936ஆம் ஆண்டின் 'இரவு அஞ்சல்' என்னும் படம் இலண்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்குச் செல்லும் அஞ்சற் புகையிரதத்தைப் பற்றியது. ஹரி வாற், பசில் றைற் ஆகிய இருவரும் இதனை ஆக்கினர். இதற்கென ஓடன் கவிதை எழுத, பிறிற்றன் இசையமைத்தார். ஓடும் வண்டியினுள்ளே கடிதங்களைப் பிரிப்போரைக் காட்டும் காட்சி, கலையகத்திலே அமைத்த வண்டியினுட் படமாக்கப்பட்டது. நடித்தவர் அஞ்சலூழியரே, வண்டி ஓடுவது தோன்றத் தம் உடலை அசைத்தவரும் அவரே. தம் தொழிலைத் தாமே நடித்துக்காட்டும் இம்முறையிலே உலகியலும் நாடகமும் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்றல் காணலாம்.

மூன்றாவது, மக்கள் தாமே பேசுதல். ஆர்தர் எல்ற்றன், எட்கர் அன்ஸ்ற்றி ஆகியோரின் 'குடியிருப்புப் பிரச்சினைகள்' (1935) இலண்டனின் சேரிவாழ் மக்களைப் படக்கருவியின் முன் நிறுத்தி அவர்தம் வாயாலேயே பேசவைத்தது. எலியும் மூட்டைப்பூச்சியும் ஒழுகும் கூரையும் பற்றி எளிய பெண்ணொருத்தி கூறும் சொல்லில் உள்ள வலு, கற்றறிந்தோர் ஆயிரம் பக்கம் எழுதினும் வாராது. ஆயின், இப்படத்துக்குப் பொருள் அளித்தது வாயு எரிபொருள் வணிகத்தார் சங்கம் என்பதையும் மறத்தலாகாது. புதிய வீடுகள் எழுந்தால் புதிய அடுப்புக்கள் விற்கும். மக்கள் நலமும் வணிகர் நலமும் ஒரு வழியிற் சென்றமையால் அப்படம் பிறந்தது. இரண்டும் முரணும்போது அம்மக்களுக்குப் படக்கருவி கிட்டியிருக்குமா என்பது காண்போர் தம்முள் வினவிக்கொள்ளற்பாலது.

நான்காவது, குறுக்கிடாது நோக்கல். 1960ஆம் ஆண்டளவிலே கையிற் கொண்டு செல்லத்தக்க படக்கருவியும் அதனோடு இசைந்து இயங்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வாய்த்தன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே கெனடியும் ஹம்பிறியும் போட்டியிட்ட கட்சித் தேர்தலை றொபேட் ட்றூ குழுவினர் 'பிறைமரி' (1960) என்னும் படமாக்கியபோது, விளக்கக் குரல் மிகக் குறைந்தது. அடுத்த ஆண்டிலே பிரான்சில் ஷான் றூஷ், எட்கார் மொறான் என்னும் இருவரும் 'ஒரு கோடையின் வரலாறு' என்னும் படத்தை வெளியிட்டனர். அதன் இறுதியிலே, படத்திற் பேசியோர்க்கே படம் போட்டுக் காட்டப்படுகின்றது. அவர்கள் அதனை மெய்யென்றும் பொய்யென்றும் வாதிடுவதும் படத்தின் ஒரு பகுதியாய் அமைகின்றது. காட்டப்பட்டோர் கேட்போராகவும் ஆனமை இம்மரபிற் பெரியதொரு திருப்பம் ஆகும்.

'இலங்கைக் கீதம்'

மேற்கூறிய வினாக்களை ஒரு படத்தின்மேல் முறையாக வைத்து நோக்குதற்கு இந்நாட்டிலேயே எடுக்கப்பட்ட 'சோங் ஒவ் சிலோன்' என்னும் 'இலங்கைக் கீதம்' மிகப் பொருத்தமானது. ஆக்கியோன் பசில் றைற். 1934ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஜோன் ரெயிலர் என்னும் இளந்துணைவருடன் இலங்கைக்கு வந்து அவர் இதனைப் படம்பிடித்தார். தயாரிப்பாளர் கிறியர்சன். காரணம், தேயிலை விற்பனையைப் பெருக்குதற்கென அமைந்த இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் வேண்டுகோள். நான்கு சிறு பயணப் படங்களை வேண்டியே சபை பணித்தது. றைற்றோ அவற்றை நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படைப்பாக ஆக்கினார். 'புத்தர்', 'கன்னித் தீவு', 'வணிகக் குரல்கள்', 'தெய்வத்தின் அணி' என்பன அப்பகுதிகளின் தலைப்புக்கள். ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் இப்படம் 1935இற் பிறசல்ஸ் நகரத்துத் திரைப்பட விழாவிலே பரிசு பெற்றது. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிறீன் இதனைப் பெரிதும் போற்றினார்.

அப்போற்றுதல் தகுதியற்றதன்று. படப்பிடிப்பு ஒலியின்றியே இலங்கையில் நிகழ்ந்தது; ஒலி முழுவதும் பின்னர் இலண்டனிற் சேர்க்கப்பட்டது. இக்குறையையே றைற் ஆக்கமாக மாற்றிக்கொண்டார். வோல்ற்றர் லீயின் இசையும் பறையொலியும் மணியோசையும் மாந்தர் குரலும் காட்சிக்கு அடங்கிப் பின்வாராது, காட்சியோடு எதிர்நின்று புதுப்பொருள் தருகின்றன. மணியோசை எழப் பறவையொன்று நீர்ப்பரப்பினின்றும் எழுந்து பறக்கும் இடம், படத்தைக் கண்டோர் எவரும் மறவாதது. ஒலி ஓயாது தொடர, பறவையின் பறத்தலும் மலையும் சிலையும் ஒன்றாகிவிடுகின்றன.

விளக்கவுரையின் அமைப்பும் புதுமையானது. திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்திலே 1660இற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி அரசிலே வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இலே இலங்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் பகுதிகளே படத்தின் விளக்கவுரையாயின. அவற்றை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் இசைவல்லவருமான லயனல் வென்ற். இக்காலச் செய்தியறிவிப்பாளரின் அதிகாரக் குரலுக்கு மாறாக, இரண்டரை நூற்றாண்டுக்கு முற்பட்ட உரைநடை அமைதியாக ஒலிக்கின்றது. இலங்கையர் ஒருவரின் குரலிலே ஆங்கிலேயர் ஒருவரின் சொல் ஒலிப்பது ஒரு நுண்ணிய முரண். சொந்த நாட்டைப் பற்றித் தாமே சொல்வதற்கு வென்றுக்கு ஒரு சொல்லும் தரப்படவில்லை.

படத்தின் உயிர்நிலை மூன்றாம் பகுதியாகும். தொழிலாளர் தேங்காய் பறிக்கின்றனர். பெண்கள் தேயிலைக் கொழுந்து கொய்கின்றனர். அக்காட்சிகளின்மேல் சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வணிகக் கடிதங்களின் வழக்கமான வணக்கச் சொற்களும் ஆங்கிலத்திலே ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. கை ஓரிடத்தது, விலை கூறும் வாய் ஓரிடத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியமையால், பொருளளித்த சபையின் வணிகத்தையே றைற் நுட்பமாக வினாவுக்கு உட்படுத்தினார் எனத் திறனாய்வாளர் சிலர் கொள்வர். அக்கொள்கை ஏற்கத்தக்கதே. விளம்பரத்துக்கென வாங்கப்பட்ட படத்தினுள் விளம்பரத்துக்கு இசையாத ஓர் எண்ணத்தைப் புகுத்துதல் எளிய செயலன்று.

கேட்போர் யார்?

எனினும், இக்கலையழகின் முன் நின்று இன்னும் சில வினாக்களை எழுப்புதல் திறனாய்வாளனின் கடமை. நுதலிய பொருள் 'இலங்கை' எனத் தலைப்பு உரைக்கின்றது. நான்கு பகுதிகளின் பெயரையும் முதன்மைக் காட்சிகளையும் நோக்கின், படம் கண்ட இலங்கை பௌத்த சிங்களக் கிராமமே என்பது விளங்கும். முதற்பகுதி மலையேறும் அடியார் கூட்டத்தைக் காட்டுகின்றது. அம்மலையைப் பௌத்தர் சிறீபாதம் என்பர். சைவர் சிவனொளிபாதமலை என்பர். இசுலாமியரும் கிறித்தவரும் ஆதமின் பெயரோடு சேர்த்து வழங்குவர். நால்வகைச் சமயத்தாரும் தத்தம் நெறியிற் போற்றும் மலையைக் காட்டும் பகுதிக்கு 'புத்தர்' என்னும் தலைப்பு ஒன்றே இடப்பட்டுள்ளது. இது பகைமையால் நேர்ந்தது எனல் பொருந்தாது. தொலைவிலிருந்து வந்து குறுகிய காலம் தங்கிய கலைஞர் ஒருவர், ஒரு நாட்டை ஒரே உருவிற் காண விழைந்தமையின் விளைவே இது. எல்லை என்னும் பாயிர உறுப்பு இங்கே தவறியது. தீவின் ஒரு பகுதி முழுத் தீவின் பெயரைப் பெற்றுவிட்டது.

கொழுந்து கொய்யும் பெண்களின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஜேம்ஸ் ரெயிலர் 1867இலே லூல்கந்துரையில் வணிக நோக்கோடு தேயிலை பயிரிட்ட பின்னர், கோப்பி அழிந்த மலைநாடு தேயிலை நாடாயிற்று. தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பாலேயே அம்மாற்றம் நிகழ்ந்தது. அவ்வுழைப்பில் விளைந்த தேயிலையை விற்பதற்கே படம் எடுக்கப்பட்டது. படத்திலே அவர்தம் விரல்கள் உள, கூடைகள் உள, முகங்களும் உள. பெயர் இல்லை, எங்கிருந்து வந்தனர் என்னும் செய்தி இல்லை, அவர்தம் பேச்சை விளக்கும் ஒரு சொல்லும் இல்லை. படத்திலே பொருள் விளங்க ஒலிக்கும் சொற்கள் நொக்ஸ் எழுதியனவும் வணிகர் கூறுவனவுமே. சிங்களக் கிராமத்தவர்க்கும் பேச்சுரிமை கிட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும், அவர்க்கு வரலாறும் சமயமும் கலையும் உடையோர் என்னும் பெருமையைப் படம் அளித்தது. கொழுந்து கொய்வோர்க்கு அதனையும் அளித்திலது. அவர்கள் மண்ணுக்குரிய மக்களாகவன்றி வணிகப் பகுதியின் ஓர் உறுப்பாகவே காட்சியளிக்கின்றனர். பதினான்கு ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். சட்டத்துக்குப் படம் காரணம் என்று கூறுவார் எவருமிலர். ஆயின், ஒரு கூட்டத்தாரை நாட்டின் உருவத்தினுட் சேர்க்காது காணும் பழக்கம், சட்டப் புத்தகத்தை எட்டுமுன் வேறு பல இடங்களிலும் நிலவியது என்பதற்கு இப்படம் ஒரு சான்றாகும்.

இக்குறை எதனால் நேர்ந்தது எனின், கேட்போர் என்னும் உறுப்பே விடை தரும். படம் பிரித்தானியக் காண்போரை நோக்கி ஆக்கப்பட்டது. அவருள்ளும் திரைப்படச் சங்கங்களிலே கூடிய கற்றோரே அதன் ஒலி நுட்பத்தைச் சுவைக்கத்தக்கோர். அவர்க்குக் கீழைநாட்டின் அமைதி வேண்டியிருந்தது, அது வழங்கப்பட்டது. மலையேறிய முதியவரோ, கொழுந்து கொய்த பெண்ணோ இப்படத்தைக் காண்பார் என்னும் எண்ணம் அதன் அமைப்பில் எவ்விடத்தும் இல்லை. பிளாகேட்டி தாம் எடுத்த காட்சிகளை ஆங்காங்கே கழுவிப் பதித்து இனுவிட் மக்களுக்கே காட்டினார் என்பதும், திரையிற் கண்ட வால்ரசு வேட்டையை மெய்யெனக் கொண்டு அவர்கள் ஆரவாரித்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. காட்டப்படுவோர் காண்போராகவும் இருப்பர் என்னும் எண்ணம் வந்தவிடத்து ஆக்கியோனின் கை சற்றே அஞ்சும். அவ்வச்சம் உண்மைக்கு நல்லது.

சுதந்திரத்தின் பின் 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு அமைக்கப்பட்டபோது கேட்போர் மாறினர். அப்பிரிவிலே 1952 முதல் 1955 வரை பணியாற்றிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், உலர்வலயத்தில் மலேரியாவை வென்ற வரலாற்றை 1954இலே படமாக்கினார். வீதிப் பாதுகாப்புப் பற்றியும் ஒரு படம் ஆக்கினார். வெளிநாட்டாரின் வியப்புக்கென்றன்றி உள்நாட்டாரின் பயனுக்கென எழுந்தவை இவை. ஆயின், அரசே ஆக்குவிப்போனாய் நிற்குமிடத்து, அரசு விரும்பாத பொருளுக்கு இடம் எவ்வளவு என்னும் புதிய வினா பிறக்கின்றது. தேயிலைச் சபையானாலும் வாயு வணிகரானாலும் அரசானாலும், பொருளளிப்போன் படத்தினுள் ஓரிடத்தில் அமர்ந்தே இருப்பான். அவனைக் கண்டுபிடித்தலே காண்போனின் முதற் பயிற்சி.

முடிவுரை

இன்று 'இலங்கைக் கீதம்' கையடக்கத் தொலைபேசியிலேயே காணக்கிடைக்கும் நிலை வந்துவிட்டது. அதனினும் முக்கியமானது, அதே தொலைபேசியால் மாணவர் எவரும் ஒரு விவரணப்படத்தை ஆக்கவும் முடியும் என்பது. கருவி அரிதாயிருந்த காலத்தில் வணிகரும் அரசுமே படம் ஆக்குவித்தனர். கருவி எளிதான காலத்திலே காட்டப்படுவோர் தாமே ஆக்கியோராகும் வாய்ப்பு உண்டாயிற்று. மலையகத்துப் பெண்ணொருத்தியின் பேத்தி தன் பாட்டியின் கதையைத் தன் மொழியிலே படமாக்குதல் இன்று இயலாத செயலன்று. ஆயினும், படம் ஆக்குவோர் தொகை பெருகியதனால் மாத்திரம் உண்மை பெருகிவிடாது. பேத்தி ஆக்கும் படத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஓர் எல்லை உண்டு. அதன் கேட்போரும் ஒரு சாராரே.

ஆதலின், விவரணப்படத்தைக் கற்கும் மாணவன் ஒவ்வொரு படத்தின் முன்பும் பாயிர வினாக்களை ஒழுங்காக எழுப்பிப் பழகுதல் வேண்டும். ஆக்கியோன் யார், ஆக்குவித்தோன் யார், எக்காலத்தைக் காட்டுகின்றான், எவ்வெல்லையுள் நிற்கின்றான், எவ்வகை யாப்பினைக் கொண்டான், யாரை நோக்கிப் பேசுகின்றான், பயன் யாருக்கு என்பன அவ்வினாக்கள். இவற்றை எழுப்புவதாற் படத்தின் சுவை குன்றும் என அஞ்ச வேண்டியதில்லை. மணியோசையோடு எழும் அப்பறவையின் அழகு, இவ்வினாக்களுக்குப் பின்னரும் குன்றாது நிற்கின்றது. கூடவே, கொழுந்து கொய்யும் கைகளுக்கு உரியோரையும் காணும் கண் காண்போனுக்கு வாய்க்கின்றது. படத்தை ஆக்கியோனுக்கு வாய்க்காத அக்கண், அதனைக் கற்போனுக்கு வாய்த்தலே கல்வியின் பயனாகும்.